எந்தப் பையனை எடுக்கலாம்?

குழித்துறை ஆறு கடலில் சேரும் இடத்திலிருந்து கேரள எல்லையில் இருக்கிற நீரோடி வரைக்கும் வரிசையாக எட்டு மீனவ ஊர்கள். அங்கே சாயாக்கடையில் அரசியல் பேசினால் சிரித்துக்கொண்டே கலைவார்கள். பந்துகளி, அதாவது கால்பந்து, பேசினால் இரண்டு நாளைக்கு முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டங்கள் நடக்கிற மாதங்களில் இது உச்சத்துக்குப் போகும். தூத்தூர் புனித யூதா கல்லூரியில் இந்த வருஷம் யார் தேறுவான், நாகர்கோவில் கல்லூரிகளில் எவன் காலில் சரக்கு இருக்கிறது, மாவட்ட அணிக்கு யார், சென்னைக்குப் போகிற தகுதி யாருக்கு என்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு பட்டியல் இருக்கும். நாஞ்சில் நாட்டு வயல்பக்கம் பிறந்தவன் நான். மேற்கே வேலைக்குப் போன பிறகுதான் இந்தப் பேச்சின் ருசி எனக்குப் பிடிபட்டது.

"அந்த லெஃப்ட் விங் பையன எடுத்தா போதும்."

"அவனுக்கு வலது காலே கெடையாது லே."

"ஒரு காலு போதும். சூசைராஜுக்கு எத்தன காலு?"

இந்தக் கடைசி வரி வந்துவிட்டால் வாதம் முடிந்தது என்று பொருள். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் இடதுகால் ஆட்டக்காரர். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்தக் கரையில் வீட்டுக்கு வீடு துக்கத்தை வைத்துவிட்டுப் போனது. அந்தப் பருவத்தில்தான் அவர் சென்னை சிட்டி அணிக்காக ஐ-லீக் ஆடி, நாட்டின் கண்ணில் பட்டார். அடுத்து ஜாம்ஷெட்பூர், அதன்பின் கொல்கத்தாவின் ஏ.டி.கே. 2020 மார்ச் 14 அன்று கோவாவில் ஏ.டி.கே. 3-1 என்று சென்னையின் எஃப்.சி.யை வீழ்த்தி இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையை எடுத்தபோது இந்தக் கடைகளில் இருந்தவர்களுக்குத் தர்மசங்கடம். தமிழ்நாட்டு அணி தோற்றதற்கு வருத்தப்படுவதா, நம்ம ஊர்ப் பிள்ளை இருக்கிற அணி ஜெயித்ததற்குச் சந்தோஷப்படுவதா? பெரும்பாலோர் ஊர்ப் பிள்ளை பக்கமே நின்றார்கள்.

அமெரிக்காவில் இந்தச் சாயாக்கடைப் பேச்சு ஒரு தேசியத் திருவிழா. அவர்கள் ஃபுட்பால் என்று சொல்கிற விளையாட்டில் கையால்தான் பந்தைக் கொண்டு ஓடுவார்கள். அது வேறு கதை. ஆண்டுதோறும் கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துப் பொறுக்கிக்கொள்வதை அங்கே 'டிராஃப்ட்' என்கிறார்கள். போன பருவத்தில் கடைசி இடத்தில் வந்த அணிக்கு முதல் தேர்வு. பணக்கார அணியே எல்லா நல்ல பையன்களையும் அள்ளிக்கொண்டு போகக் கூடாது என்று ஃபிலடெல்ஃபியா அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் சொன்ன யோசனை அது. 1936-இல் முதல் டிராஃப்ட் நடந்தது. முதல் பெயராக அழைக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் சம்பளம் ஒத்துவராமல் ஒரு ஆட்டம்கூடத் தொழில்முறையில் ஆடவில்லை; நுரை ரப்பர் விற்கப் போய்விட்டார். 2000-ஆம் ஆண்டில் 198 பேரை எடுத்த பிறகு, 199-ஆவதாக டாம் பிரேடி என்ற பையனை எடுத்தார்கள். அந்த விளையாட்டின் உச்சக் கோப்பையான சூப்பர் பவுலைப் பின்னாளில் ஏழு முறை வென்றவர் அவர். சம்பளம் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிற நிபுணர்களின் கண்ணே இந்த லட்சணம் என்றால், சாயாக்கடைக் கண்ணை மட்டும் குறை சொல்வானேன்?

நம் நாட்டிலும் டிராஃப்ட் நடந்தது. 2014-இல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது மும்பையில் வைத்து ஆறு அணிகள் ஆளுக்குப் பதினான்கு பேராக 84 இந்திய ஆட்டக்காரர்களைப் பிரித்துக்கொண்டன. 2017 ஜூலையில் நடந்த டிராஃப்டில் பட்டியலில் 205 பேர். ஜாம்ஷெட்பூர் முதல் ஆளாக மலப்புறத்து அனஸ் எடத்தொடிகாவை எடுத்தது. அத்தோடு சரி, அதன்பின் அணிகள் நேரடியாகவே ஒப்பந்தம் போடத் தொடங்கிவிட்டன. நடந்த நாட்களிலும் அந்த மேசையில் இருந்த பெயர்கள் ஏற்கெனவே கிளப்புகளில் ஆடி வந்தவர்களுடையவை. கல்லூரி மைதானத்திலிருந்து நேரே ஒரு பையன் அந்தப் பட்டியலுக்குள் நுழைகிற வழி இருக்கவில்லை.

இங்கேதான் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு உறைக்கிறது. அமெரிக்க ரசிகன் எவ்வளவு கத்தினாலும் அவன் அணி எடுக்கிற ஆள் மாறப்போவதில்லை. ஆள் பொறுக்குவதற்கென்று ஒரு படையே இருக்கிறது. நம் கடற்கரையில் அந்தப் படை இல்லை. பதின்மூன்று வயதிலேயே பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிற அகாடமிகள் தொலைவில் இருக்கின்றன. பத்தொன்பது வயதில் கல்லூரி அணியில் ஆடுகிறவனுக்குக் கதவு ஏற்கெனவே பாதி சாத்தியிருக்கிறது. மீதிப் பாதி பெரும்பாலும் ஒரு போன் அழைப்பில் திறக்கிறது. சாயாக்கடையில் உட்கார்ந்திருக்கிற யாரோ ஒருவர் சென்னையில் ஐ.சி.எஃப்.புக்கோ இந்தியன் வங்கிக்கோ ஆடிய சிநேகிதனைக் கூப்பிட்டு, "ஒரு பையன் இருக்கான், ட்ரையல்ஸுக்கு அனுப்பட்டா?" என்று கேட்கிறார். இந்தக் கரையில் நடக்கிற டிராஃப்ட் அதுதான். எனவே நம் பேச்சு வெறும் பேச்சு இல்லை. ஒரு பையனுடைய சோறு அதில் இருக்கிறது.

சோறு என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பந்து கைவிட்டால் அவனுக்கு இருப்பது விசைப்படகு. ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்கு ஆகும். அப்புறம் பயிற்சி ஏது, ஆட்டம் ஏது?

அப்படிப்பட்ட இடத்தில் எப்படிப் பார்ப்பது என்பதை எனக்குக் காட்டித் தந்தவர் ஒரு பழைய ஸ்டாப்பர். ஆட்டம் பார்க்கும்போது பந்து இருக்கிற பக்கம் அவர் கண் போகாது. "பந்து கையில கெடச்சா எல்லாரும் களிப்பான் மக்கா. பந்து வரதுக்கு முன்னாடி அவன் எங்க பாக்கான்னு பாரு" என்பார். தோளுக்கு மேலே இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுப் பந்தை வாங்குகிற பையன் அவர் கணக்கில் பாதி தேறியவன். பந்தைப் பறிகொடுத்ததும் இடுப்பில் கைவைத்து நிற்கிறவனை அங்கேயே விட்டுவிடுவார்.

அவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கடல் மணலில் பந்து உருளாது, நின்றுவிடும். மணலில் வளர்ந்த பையன் பந்தைச் சற்றுத் தூக்கியே வாங்கிப் பழகியிருப்பான். கெட்டித் தரையில் அதே மாதிரி வாங்கினால் பந்து ஒரு கஜம் தள்ளிப் போய்விடும். அதைப் பார்த்துவிட்டு "கண்ட்ரோலே இல்லை" என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. "அது காலோட குத்தமில்ல, தரையோட குத்தம். மூணு மாசத்துல சரியாவும்" என்பது அவர் தீர்ப்பு. இப்போது அந்த மணலும் சுருங்குகிறது. கடல் அரித்த இடங்களில் பாறைச் சுவரும் தூண்டில் வளைவும் வந்த பிறகு, மிச்சமிருக்கிற துண்டு மணலில்தான் பிள்ளைகள் கோல் போஸ்ட் நடுகிறார்கள்.

எந்தக் கண்ணுக்கும் தெரியாதவையும் உண்டு. 2020 நவம்பர் 20 அன்று புதிய பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே சூசைராஜின் முழங்கால் போனது. அந்தப் பருவமே அவருக்கு இல்லாமல் ஆயிற்று. அப்படி ஒன்று வரும் என்று எந்தப் பட்டியலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

எனக்குள்ள மனக்குறை வேறு. இப்போது பட்டியல் போடுகிறவர்களில் பாதிப் பேர் ஆட்டம் பார்ப்பதில்லை. செல்போனில் முப்பது நொடி வீடியோ. அதில் ஒரு கோல், இரண்டு டாட்ஜ். மீதி எண்பத்தொன்பதரை நிமிஷம் அந்தப் பையன் என்ன செய்தான் என்று கேட்டால் பதில் இல்லை. மீன் ஏலத்தில்கூடச் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் யாரும் விலை கேட்பதில்லை. பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் பாராமலே விலை சொல்கிறோம். பாராமலே கழித்தும் விடுகிறோம்.

ஆகவே குமரி மாவட்டத்துப் பந்துப் பிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகக் கல்லூரிகள் மோதும்போது ஒரு ஆட்டத்துக்காவது போங்கள். முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை நில்லுங்கள். பந்து இல்லாத பக்கம் பாருங்கள். அதன்பிறகு சாயாக்கடைக்கு வந்து எந்தப் பையனை எடுக்கலாம் என்று எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள். ஒரு பெயரில் மனம் நின்றுவிட்டால், அன்றைக்கே யாருக்காவது போன் போடுங்கள்.