கை வைத்த போர்வை

குளிர் யாவர்க்கும் பொது என்று சொல்வோர் உளர். காற்றும் பனியும் ஏழை செல்வன் என்ற வேற்றுமை பாராட்டுவதில்லை என்பது அவர்கள் வாதம். உண்மைதான். ஆனால், பனிக்கும் மனித உடலுக்கும் நடுவே நிற்கின்ற கூரையும் சுவரும் துணியும் அவ்வாறு பொதுவாகப் பங்கிடப்படவில்லை. நெடுநல்வாடையை வகுப்பறையில் விளக்கும் தமிழாசிரியர் இதனை நன்கறிவர். நக்கீரர் காட்டும் வாடை ஒன்றே. அதனை எதிர்கொள்வோர் நிலைதான் வேறு வேறு. மந்தையுடன் மேட்டு நிலம் சென்ற இடையர் கையில் நெருப்பை ஏந்திக் கன்னம் நடுங்க நிற்கின்றனர். மாடங்களில் வாழ்வோரோ கதவுகளை அடைத்துக்கொண்டு கணப்பின் அருகே இருக்கின்றனர். குளிருக்கும் வர்க்கம் உண்டு என்பதற்குப் பழஞ்சான்று நம் இலக்கியத்திலேயே கிடக்கிறது.

இவ்வெண்ணம் எமக்குள் மீண்டும் எழக் காரணமாயிருந்தது ஒரு சிறிய அலுவல். 2024 மார்கழியில், நுவரெலியாவை அடுத்த தோட்டமொன்றில் வாழும் எமது தாயாருக்குக் கை வைத்த போர்வை ஒன்றைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு எம்மேல் விழுந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில், தை மாசி இரவுகளில் துகள்பனி படிந்து தேயிலைத் தளிர் கருகிப்போகும் ஊர் அது. நாற்பது ஆண்டுகள் கொழுந்தெடுத்த அவருடைய விரல்கள் இன்று வாதத்தால் முறுகிவிட்டன. போர்வையை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் வலுக்கூட அவற்றுக்கு இல்லை. தோளிலிருந்து நழுவாத போர்வை வேண்டும். அதே வேளையில் கைகள் வெளியே வரவும் வேண்டும். ஒரு போர்வைக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று நேயர்கள் நகைக்கக்கூடும். சந்தையில் விற்கும் எந்தப் பண்டமும், தன்னை யாருக்காக, எத்தகைய வாழ்வுக்காகச் செய்தார்கள் என்ற செய்தியைத் தன் மடிப்புக்குள் ஒளித்து வைத்திருக்கிறது. அம்மடிப்பைப் பிரித்துப் பார்ப்பது வீண்வேலையன்று.

கை வைத்த போர்வை இன்றைய வடிவில் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1998இல் மெயின் மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவராயிருந்த கெரி கிளெக் என்பவர், குளிர்ந்த விடுதியறையில் உறக்கப் பைக்குள்ளே முடங்கிக் கிடந்தார். கையை வெளியே நீட்டுவதற்காக அப்பையில் ஒரு துளை வெட்டினார். பின்னர் அவருடைய தாயார் ஒற்றைக் கை வைத்த போர்வையொன்றைத் தைத்துக் கொடுத்தார். மற்றொரு கையும் சேர, 'ஸ்லாங்கெற்' என்னும் வணிகப் பண்டம் பிறந்தது. பத்தாண்டு கழித்து, 2008இல், வேறொரு நிறுவனம் 'ஸ்னகி' என்ற பெயரில் இதே வகைப் போர்வையைத் தொலைக்காட்சி விளம்பரத்தால் நாடெங்கும் பரப்பியது. ஒரு தாய் தன் மகனுக்காகத் தைத்தது, சில ஆண்டுகளில் கோடிக்கணக்கில் விலைப்படும் சரக்காயிற்று.

இது உடையா, போர்வையா என்ற வழக்கு நீதிமன்றம் வரை சென்றது வேடிக்கையான செய்தி. உடையென்றால் 14.9 வீதம் இறக்குமதி வரி, போர்வையென்றால் 8.5 வீதம். குருமாரின் அங்கியையும் பட்டமளிப்பு விழா அங்கியையும் போன்றது, ஆகவே உடையே என்றது அரசு தரப்பு. முதுகுப்புறம் திறந்து கிடக்கிறது, மூடிக் கட்டவும் வழியில்லை, ஆகவே இது போர்வையே என்று 2017இல் அமெரிக்காவின் சர்வதேச வணிக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வணிகருக்கு வரி குறைந்தது. எமக்கோ அவ்வேற்றுமை வரி அட்டவணையில் இருப்பதாகத் தோன்றவில்லை. உழைப்பில் இருப்பதாகவே தோன்றுகிறது. உடுத்துக்கொண்டு வேலை செய்ய முடியுமானால் அது உடை. வேலையை விட்டுவிட்டுத்தான் போர்த்திக்கொள்ள முடியுமானால் அது போர்வை.

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனை நாம் வள்ளல் என்று போற்றுகிறோம். போற்றத்தக்கவனே. ஆனால், மயில் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. நீர் சுமக்க வேண்டியதில்லை. அதற்கு வெறும் போர்வை போதும். கையால் உழைத்து உண்பவருக்குக் கொடுப்பவர், கைக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

மலையகத்து மக்கள் இவ்வேற்றுமையை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக உடலால் அறிந்தவர்கள். கோப்பிக் காலந்தொட்டுத் தோட்டங்களில் தொழிலாளிக்குக் கம்பளி வழங்கப்பட்டது. வழங்கப்பட்டது என்ற சொல்லைக் கேட்டு மயங்க வேண்டாம். அரிசியைப் போலவே கம்பளியின் விலையும் அவர்கள் பேரிற் கடனாக எழுதப்பட்டுக் கூலியிற் கழிக்கப்பட்டது. கடனைத் துண்டில் எழுதி, ஆளைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டு முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கம்பளியோ அதற்குப் பின்னும் நெடுங்காலம் நிலைத்தது. முரட்டு உரோமத்தில் நெய்த அதனை மடித்துத் தலையிற் கொங்காணியாகப் போட்டு, அதன்மேற் கூடைக் கயிற்றை மாட்டி, இடையிற் படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டி, விடியுமுன் பிரட்டுக்களத்துக்குச் சென்றனர் எம் தாய்மார். தலையும் முதுகும் மூடியிருந்தன. கொழுந்து கிள்ளும் கைகள் மட்டும் பனியில் நனைந்தன. அதே களத்தில் நின்ற கங்காணியாரின் கோட்டுக்குக் கை இருந்தது. பேர் கூப்பிடுவதற்கும் அதட்டுவதற்கும் கை வேண்டியதில்லை. ஆயினும் கை வைத்த ஆடை அவருக்கே வாய்த்தது. வேலை செய்யும் கை வெறுங்கை, வேலை வாங்கும் கை மூடிய கை என்ற அந்தக் காட்சிக்குள் தோட்ட அமைப்பு முழுவதும் அடங்கியிருந்தது.

இனி எமது அலுவலுக்கு வருவோம். நுவரெலியா நகரிற் குளிராடைகள் விற்கும் 'பேல் பசார்' பலரும் அறிந்த கடைத்தெரு. எமது நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளிற் குளிர் நாடுகளுக்கெனத் தைக்கப்பட்டவற்றில் எஞ்சியவை அங்கே வந்து குவிகின்றன. இலண்டனிலும் நியூயோர்க்கிலும் வாழ்வோரின் குளிரைத் தாங்கும் உடையை வியர்வை சிந்தத் தைப்பவர்கள் கட்டுநாயக்காவின் இளம்பெண்கள். அங்கே வேண்டாமென்று ஒதுக்கப்பட்டதே இங்கே எமது மலைக்கு ஏறி வருகிறது. அம்மாவையும் அழைத்துக்கொண்டு அக்கடைத்தெருவில் ஒரு முற்பகலைக் கழித்தோம். நாலைந்து வகைக் கை வைத்த போர்வைகளை விரித்துக் காட்டினார்கள்.

பெரும்பாலானவை பொலியெஸ்ரர் இழையாலானவை. மேற்புறம் வழுவழுப்பு, உட்புறம் செம்மறிக்குட்டியின் உரோமம் போன்ற சுருள். இழைகளுக்கிடையே காற்றைச் சிறைப்பிடித்து வைப்பதால் அவை வெப்பம் காக்கின்றன. நீரை உறிஞ்சாதபடியால் தோய்த்தால் விரைவில் உலரும். மூடுபனியில் நாட்கணக்காகத் துணி உலராத ஊரில் இது சிறிய நன்மையன்று. எனினும் ஒவ்வொரு தோய்ப்பிலும் நுண்ணிய இழைகள் உதிர்ந்து நீரோடு போகின்றன. மகாவலிக்கு நீரூட்டும் மலையோடைகளில் தோய்ப்பவர்கள் இதனையும் எண்ண வேண்டும்.

அடுத்தது தையல். முதுகு திறந்த வகை, சாய்வு நாற்காலியிற் கிடப்பவருக்காகச் செய்யப்பட்டது. எழுந்து நடந்தால் முதுகு விறைக்கும். தலைவழியே மாட்டும் வகையில் முதுகு மூடியிருக்கும். ஆனால் தோள்மூட்டு நொந்தவர் கையை உயர்த்தி அதனை அணிவது எங்ஙனம்? நிலத்தைத் தொடும் நீளம் பஞ்சணைக்கு அழகு. லயத்தின் ஈரப் படிகளில் அது காலைத் தடுக்கி விழுத்தும். கைகளோ, விரல்நுனியையும் கடந்து தொங்கும் அகன்ற குழாய்கள். தேநீர்க் கோப்பையை ஏந்துவதற்கும் புத்தகத்தின் தாளைப் புரட்டுவதற்கும் அவை போதும். அவற்றைத் தைத்தவர் மனக்கண்ணில் இருந்த கை, ஓய்வெடுக்கும் கை.

அம்மா ஒன்றை அணிந்து பார்த்தார். முகத்தில் ஒரு மலர்ச்சி தோன்றியது. அந்த மென்மையை அவர் தோள் அதுவரை அறிந்ததில்லை. பின் கைகளை உயர்த்தித் தொங்கும் துணியைப் பார்த்தார்.

"பூ மாதிரி இருக்குப்பா. ஆனா இத மாட்டிக்கிட்டு ரொட்டி தட்டுறது எப்புடி? அடுப்ப ஊதுறப்போ இந்தக் கை மொதல்ல நெருப்புல விழும், அப்புறந்தான் நான் விழுவேன்" என்றார்.

கடைக்காரர் சிரித்தார். எம்மாற் சிரிக்க முடியவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில், விறகடுப்புக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்து குளிர் காய்பவருக்கு அதுவே தலையாய கேள்வி. பொலியெஸ்ரர் தீப்பட்டால் உருகும். உருகியது தோலில் ஒட்டிக்கொள்ளும். மலிவுத் துணி ஏழையைச் சுடுவது இன்று தோன்றிய கதையுமன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கம்பளித் துணி வாங்க இயலாத பிரித்தானியத் தொழிலாளர் குடும்பங்கள் பருத்தியில் மயிர் எழுப்பிய 'பிளனலெற்' துணியைப் பிள்ளைகளுக்கு உடுத்தின. கணப்பின் பொறி பட்டதும் அது பற்றிக்கொண்டது. குழந்தைகள் பலர் மாண்டனர். எளிதில் தீப்பற்றாது என்று பொய்கூறித் துணி விற்பதைத் தடுக்க 1913இல் அந்நாடு ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. செல்வர் வீட்டில் நெருப்பு இரும்புத் தடுப்புக்குப் பின்னால் இருந்தது. அவர்கள் பிள்ளைகள் அணிந்ததோ எளிதில் தீப்பற்றாத கம்பளி. ஒரே நெருப்பு, இருவகைத் துணி.

ஆகவே எமது தெரிவு ஆட்டுரோமத்தின் பக்கமே சாய்ந்தது. ஆட்டுரோமம் உறுத்தும், கனக்கும், உலர நாளாகும். ஆயினும் நனைந்தபோதும் ஓரளவு வெப்பம் காக்கும்; எளிதிற் பற்றாது; பற்றினாலும் உருகி ஒட்டாமற் கருகி நிற்கும். ஆனால் ஆட்டுரோமத்திற் கை வைத்த போர்வை அக்கடைத்தெரு முழுவதும் தேடியும் கிடைக்கவில்லை. ஓய்வுக்கெனச் செய்த பண்டம் ஏராளம். உழைப்புக்கெனச் செய்த பண்டம் ஒன்றுகூட இல்லை. முடிவில் உரோமம் மிகுதியாகக் கலந்த சாம்பல்நிறக் கம்பளி ஒன்றை 6,500 ரூபாவுக்கு வாங்கி, தெருக்கோடியில் இருந்த தையற்காரரிடம் கொடுத்தோம். முன்புறம் திறப்பு, முறுகிய விரலும் மாட்டக்கூடிய பெரிய பொத்தான்கள், முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளம், மணிக்கட்டோடு நின்று இறுகப் பிடிக்கும் கை. அவர் 900 ரூபா கூலி கேட்டார். அது நியாயமான கூலி. மெயின் மாநிலத்துத் தாயொருத்தி செய்ததைத்தான் நுவரெலியாத் தையற்காரரும் செய்தார்: அணிபவர் யார் என்று கேட்டறிந்து தைத்தார்.

ஆயினும் கணக்கைப் பார்ப்போம். தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 2024 இறுதியில் 1,350 ரூபா. ஐந்து நாட் கூலியைக் கொட்டிக் கொடுத்தாலும் 7,400 ரூபா சேராது. எமக்கு ஆசிரியச் சம்பளம் இருந்தது, வாங்கினோம். அடுத்த காம்பராவில் இருக்கும் முதியவருக்கு யார் வாங்குவார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உக்ரேன்மீது 2022 மாசியில் ரஷ்யா படையெடுத்ததைத் தொடர்ந்து எரிவாயு விலை ஏறியபோது, பிரித்தானியாவில் ஒரு சராசரி வீட்டின் ஆண்டு மின் எரிவாயுக் கட்டண வரம்பு 1,971 பவுணிலிருந்து 3,549 பவுணாக உயரும் என அறிவிக்கப்பட்டது. அரசு தலையிட்டு அதனை 2,500 பவுண் அளவில் நிறுத்திய பின்னரும், உண்பதா வீட்டைச் சூடாக்குவதா என்று வறியவர்கள் தயங்க நேர்ந்தது. வீட்டைச் சூடாக்க வேண்டாம், ஆளைச் சூடாக்கினாற் போதும் என்ற அறிவுரை அந்நாளில் எங்கும் கேட்டது. கை வைத்த போர்வைகள் விரைந்து விற்றன. வீட்டில் இருக்க வேண்டிய வெப்பம் ஆளின் முதுகுக்கு இடம் மாறியது. அதற்கான செலவும் அவர் முதுகிலேயே ஏறியது. சிக்கனம் நல்லதே. ஆனால் ஒழுகும் கூரைக்கும் உயர்ந்த விலைக்கும் விடையாகப் போர்வையை நீட்டுபவர், வினாவையே மூடிவிடப் பார்க்கிறார்.

மலையகத்திலும் அப்படியே. தகரக் கூரைக்குக் கீழே ஒரு தட்டு, புகைபோக்கியுள்ள அடுப்பு, ஈரம் கசியாத சுவர், சொந்த நிலத்திற் சொந்த வீடு: இவை இருந்தால் போர்வையின் வேலை பாதியாகும். இவை வரும்வரை போர்வை வேண்டாம் என்று நாம் கூறவில்லை. லயத்து அறையில் விளக்கருகே இருந்து பாடம் எழுதும் மாணவிக்கும், விடியற்காலையில் மாவு பிசையும் தாய்க்கும், ஒப்படைகளைத் திருத்தும் ஆசிரியைக்கும் இன்றிரவே அது தேவை. தெரிந்தெடுக்கும்போது மென்மையை மட்டும் தடவிப் பார்க்க வேண்டாம். அடுப்பருகே இது என்ன செய்யும், எழுந்து நின்றால் முதுகு மூடுமா, கை வேலைக்கு விடுபடுமா என்று கேளுங்கள். கேட்டபின், இத்தனை உழைக்கும் கைகளுக்கு இத்தனை காலமாக ஏன் எவரும் ஒரு கை வைத்த ஆடையை அளந்து தைக்கவில்லை என்பதையும் கேளுங்கள். முதற் கேள்விகளுக்குக் கடைத்தெருவில் விடை கிடைக்கும். கடைசிக் கேள்விக்கு விடை, கூலியும் கூரையும் தீர்மானிக்கப்படும் இடத்திலேதான் உண்டு. அவ்விடத்துக்கு ஒருவர் தனித்துப் போய்ப் பயனில்லை.