நாரையின் காலே அளவுகோல்

துறையூர் பெரிய ஏரிக்கரை. சித்திரை மாதக் காலை ஆறு மணி. விடுமுறைக்கு வந்த பேத்தியோடு நிற்கிறார் வெங்காயம் போடும் தாத்தா. ஏரியில் மஞ்சள் மூக்கு நாரைகள்.

"கால் பாதி முங்கியிருந்தா நம்ம கிணத்துக்குக் கவலை இல்ல கண்ணு. பாதம் மட்டும் நனைஞ்சா, தண்ணிய எண்ணித்தான் பாய்ச்சணும்."

திறந்த அலகால் சேற்றுநீரைத் துழாவுகிறது ஒரு நாரை. மீன் பட்டதும் அலகு மூடிக்கொள்கிறது. தண்ணீர் ஆழமானால் அதனால் நின்று மேய முடியாது. வற்றிப்போனால் மீன் இருக்காது. வெயில் ஏறினால் தன் கால்களிலேயே எச்சமிட்டுக்கொள்ளும். அந்த ஈரம் காயும்போது உடம்பு குளிரும்.

"அதான் கால் வெள்ளையா இருக்கா தாத்தா?" பேத்தி சிரிக்கிறாள்.

வெயிலுக்கு நாரையிடம் வழி இருக்கிறது. நேரம் தப்பிய மழைக்கு? 2024 ஏப்ரலில் உள்மாவட்டங்கள் பலவற்றில் வெயில் 40 டிகிரியைத் தாண்டியது. கத்திரி முடிவதற்குள், மே மாத நடுவிலேயே, மழை கொட்டியது. தாத்தா பிடுங்கிக் காயப்போட்டிருந்த வெங்காயம் நனைந்து அழுகியது.

"முன்னெல்லாம் பஞ்சாங்கமும் நாரையும் ஒரே சேதியைச் சொல்லும். இப்ப பஞ்சாங்கத்தை நம்பி வெங்காயத்தைக் காயவைக்க முடியல."

அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி 2024 ஜனவரியில் ராம்சர் தகுதி பெற்றது. அங்கே பறவைகளைக் கணக்கெடுக்க ஆட்கள் வருவார்கள். இங்கே தாத்தா மட்டும்தான்.

பேத்தி பழைய நோட்டைப் பிரித்துத் தேதி போடுகிறாள். பக்கத்தில் எழுதுகிறாள்: 'பாதிக் கால்.'

"நாளைக்கும் எழுப்புங்க தாத்தா."