மோட்டர் வண்டியும் அதனைச் செப்பஞ் செய்யுஞ் செலவும்

நம்மவருள் மோட்டர் வண்டி வைத்திருப்போர் பலர். ஆயினும், "ரியூன் பண்ணவேண்டும்" என்று கராஜில் சொல்லும்போது, அச்சொல்லின் பொருள் யாதெனக் கேட்போர் சிலரே. கணிதமும் பௌதிகமும் கற்பித்த கல்லூரியின் ஜுபிலி மலரில் இதுபற்றிச் சில கூறுதல் பொருந்தும் எனக் கருதுகின்றேன்.

என் தந்தையார் வாங்கிய, 1958ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் ஒன்று இன்றும் எங்கள் வீட்டில் ஓடுகின்றது. அதனைச் செப்பஞ் செய்தல் என்பது, சில சிற்றளவுகளைச் சரிபார்த்தலேயாம். வால்வின் இடைவெளி 0.012 அங்குலம்; மின்னோட்டத்தைத் தொடுத்தும் விடுத்தும் நிற்கும் 'பொயின்ற்' இடைவெளி 0.015 அங்குலம், பிளக்கின் இடைவெளி 0.025 அங்குலம், பின்னர், தீப்பொறி எழும் நேரம். இவை செம்மையுற்ற பின்னரே காபரேற்றரிற் கைவைத்தல் முறை. தீப்பொறி நலிந்திருக்கப் பெற்றோற் கலவையை மாற்றுவது, அடுப்பு எரியாதபோது உலையில் மேலும் அரிசி இடுவதை ஒக்கும்.

இதன் அருமை 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில் நன்கு விளங்கிற்று. பங்கீடு தொடங்கியபோது ஒரு காருக்கு வாரத்துக்குக் கிடைத்தது 20 லீற்றர். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் வண்டி அதிலே 240 கிலோமீற்றர் செல்லும். பத்தாகக் குறையின் 200 மட்டுமே. படுவான்கரையில் வாழும் என் தமக்கையாரைச் சிகிச்சைக்காக வாரந்தோறும் நகருக்குக் கொண்டுவரும் பொறுப்பு எனதாயிருந்தது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டமையால் வாவியைக் கடக்கப் படகுப்பாதைக்குக் காத்திருக்கும் வேலை இல்லை. ஆனாற் பெற்றோல் இல்லாவிடிற் பாலமிருந்தென்ன? குறைந்துபோன அந்த 40 கிலோமீற்றர் எங்களுக்கு ஒரு பயணம்.

அவ்வேளையில் வண்டி இடையிடையே இருமத் தொடங்கிற்று. ஒரு கராஜில் எஞ்சினைக் கழற்றவேண்டும் என்றனர். கேட்ட தொகை என் ஓய்வூதியத்தில் மூன்று மாதத்துக்கு மேற்பட்டது. பின்னர், முதியவரான வேறொரு பாஸ் வந்து, தகடு வைத்து அளந்தார். பொயின்ற் குழிவிழுந்து கறுத்திருந்தது. பற்றரியின் எர்த் வயர் உடலோடு பொருந்துமிடத்தில் உப்புப் பூத்திருந்தது. "சேர், எஞ்சினில் ஒண்டுமில்ல, உப்புத்தான்" என்றார். புதுப் பொயின்ற் ஒன்றும், அரைநாட் கூலியும், ஒரு துண்டு அரத்தாளுமே செலவு. முன்னவர் வஞ்சித்தார் என்று நான் சொல்லேன். அளவாமற் சொன்னார் என்பதே என் குறை. ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக வாழும் நமக்கு, உப்பின் கணக்கு எப்போதும் உண்டு. பெருஞ்செலவுக்கு உடன்படுமுன் பற்றரி முனைகளையும் எர்த் இணைப்பையும் பார்ப்பித்தல் நன்று.

இக்கால வண்டிகளிற் பொயின்றும் இல்லை, காபரேற்றரும் இல்லை. அவ்வேலைகளைக் கணினி செய்கின்றது. இவற்றிற்கு 'ரியூன்' என்றாற் பிளக்கு மாற்றுதல், காற்று வடிகட்டியை மாற்றுதல், காற்று புகும் வாயிலைத் துப்புரவாக்குதல், கணினியிற் பதிந்த பிழைக்குறிகளை வாசித்தல் என்பனவாம். பிழைக்குறி நோவு தோன்றும் இடத்தைக் காட்டுமேயன்றி, நோயின் காரணத்தைச் சொல்லாது. குறியொன்று காட்டியவுடன் விலையுயர்ந்த உறுப்பொன்றை மாற்றச் சொன்னால், வயரையும் இணைப்பையும் சோதித்தீர்களா என வினவுக. சாதாரண பிளக்கு ஏறத்தாழ 30,000 கிலோமீற்றரும், இரிடியம் பிளக்கு ஏறத்தாழ 100,000 கிலோமீற்றரும் உழைக்கும். மலிவானதை மும்முறை வாங்குவோர் கூலியையும் மும்முறை கொடுக்கின்றனர்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அநுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் நம் வண்டிகள் யாவும் முதுமையடைந்தன. ஆதலின் இவ்வறிவு இன்று முன்னிலும் வேண்டப்படுவது.

வண்டியை ஒப்படைக்குமுன் மூன்று கேளுங்கள். சோதனைக்கும் உறுப்புக்கும் கூலிக்கும் தனித்தனித் தொகை எவ்வளவு? இப்போது உள்ள அளவு யாது, இருக்கவேண்டிய அளவு யாது? கழற்றிய பழைய உறுப்பைத் திருப்பித் தருவீர்களா? இவற்றிற்கு முகங்கோணாது விடைதருபவரைக் கண்டால், அவர் கூலியிற் பேரம் பேசாதீர்கள். அவர் அளப்பதற்குச் செலவிட்ட நேரமும் அக்கூலியில் அடங்கும்.