வலப்பக்கத்து ஆள்

நான் முதன்முதலாக ஒட்டி முடித்த விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கியைப் பெரியவர் உள்ளங்கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார். "இவன் யார், வேடிக்கை பார்க்க வந்தவனா?" என்றார். தோட்டாப் பட்டையை நீட்டிக்கொண்டிருந்த சிப்பாயை நான் துப்பாக்கிக்கு இடப்பக்கம் ஒட்டியிருந்தேன். விக்கர்ஸுக்குப் பட்டை வலப்பக்கத்திலிருந்துதான் ஏறும்.

வேலை கிடைத்து நாட்டிங்ஹாமுக்குப் போன வருடம் அது. குட்டிச் சிப்பாய்களை வார்க்கும் பட்டறைகள் நிறைந்த வட்டாரம். இந்தப் பித்துப் பிடித்தவர்கள் அதற்கு 'ஈயப் பட்டை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். போர் விளையாட்டுக் குழு ஒன்றில் பெரியவர் பழக்கமானார். வயது எழுபத்தெட்டு. அங்கே எல்லோரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எனக்கு இரண்டு மாதம் வாய் வரவில்லை. எழுதும்போது இன்றைக்கும் பெரியவர்தான்.

அவரிடம் இருந்தது 1942இல் வட ஆப்பிரிக்காவில் போரிட்ட பிரிட்டிஷ் எட்டாவது படை, ஆளுக்கு 28 மி.மீ. உயரத்தில். தனிச் சிப்பாய்களுக்கு நான் சுமாராக வண்ணம் தீட்டுவேன். துணை ஆயுதம் என்பது வேறு சங்கதி. மூன்று ஆள், துப்பாக்கி, முக்காலி, தண்ணீர் டப்பா, ரப்பர் குழாய், தோட்டாப் பெட்டி எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். சுடுகிறவன் ஒரு மி.மீ. தள்ளி உட்கார்ந்தால் அவன் கைகள் பிடியை விட்டுவிட்டுக் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது துப்பாக்கிக்கு அவர் பக்கத்திலேயே உட்காரவைத்தார். முதல் நாள் மாலை பசையைத் தொடவே விடவில்லை. உலோகத் துண்டுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில் ஓடும் கோட்டை ஊசி அரத்தால் ராவுவதோடு சரி. உருண்டைக் குழலில் அரத்தை நேராக இழுத்தால் அந்த இடம் தட்டையாகிவிடும். வளைவோடு உருட்டி உருட்டி ராவ வேண்டும். எனக்கு இது கைவர மூன்று குழல்கள் செலவாயின.

அடுத்தது முக்காலி. நிஜத்தில் அது மட்டுமே 20 கிலோவுக்கு மேல் எடை. தண்ணீர் ஊற்றாத துப்பாக்கி இன்னொரு 15 கிலோ. "இத்தனை கனம் மணல்மேல் மிதக்குமா?" என்று கேட்டார். அடித்தட்டில் புட்டிக் களிம்பைப் பரப்பி, அது இறுகுவதற்குள் மூன்று கால்களையும் லேசாக அழுத்திப் பள்ளம் பதித்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்தக் கால் மி.மீ. பள்ளம்தான் பொம்மைக்கு எடை கொடுத்தது.

குழாய் விஷயத்தில் அகப்பட்டுக்கொண்டேன். பெட்டியில் வந்த குழாய் வழியிலேயே இரண்டாக உடைந்திருந்தது. தயாரிப்பாளருக்கு எழுதினேன், பதில் இல்லை. குழாயே இல்லாமல் விட்டுவிடலாமா என்றேன். "அது எதற்கு இருக்கிறது, தெரியுமா?" தெரியாது. துப்பாக்கிக் குழலைச் சுற்றியுள்ள உறையில் சுமார் 4 லிட்டர் தண்ணீர். விடாமல் சுட்டால் கொதித்துவிடும். ஆவி குழாய் வழியே டப்பாவுக்குப் போய்த் திரும்பவும் தண்ணீராகும். பாலைவனத்தில் தண்ணீரும் மிச்சம், ஆவி மேலே எழுந்து எதிரிக்கு இடத்தைக் காட்டிக் கொடுப்பதும் இல்லை. இதைக் கேட்ட பிறகு குழாயை விட்டுவிட மனம் வருமா? ரேடியோ பழுதுபார்க்கும் மெல்லிய ஈயக் கம்பியைத் தூரிகைக் காம்பில் சுற்றி வளைத்து, துவண்டு மணலில் படுத்துக்கிடக்கும்படி ஒட்டினோம். பெட்டியில் வந்ததைவிட அது நன்றாகவே அமைந்தது.

அடுத்துச் செய்த 3 அங்குல மோர்ட்டாருக்கு இவ்வளவு பாடு இல்லை. குழல், இருகால், அடித்தகடு, அவ்வளவுதான். பெயர்தான் 3 அங்குலம். உள்விட்டம் உண்மையில் 81 மி.மீ.க்குச் சற்றே கூடுதல்.

எல்லாவற்றையும் ஒட்டிவிட்டு வண்ணம் தீட்டுவது என் பழைய வழக்கம். துப்பாக்கிக்கு அடியில் தூரிகை நுழையாது. பெரியவர் துப்பாக்கியையும் ஆட்களையும் தனித்தனியே குச்சியில் நிறுத்தித்தான் தீட்டுவார். இரும்புக்கு வெள்ளி நிறம் கூடாது. கறுப்பில் துளி உலோக வண்ணம் கலந்து பூசி, ஓரங்களில் மட்டும் உலர் தூரிகையால் ஒரு தடவல். காக்கி நிஜத்தைவிட ஒரு படி வெளுப்பாக, மடிப்பு நிழல் ஒரு படி கறுப்பாக இருக்க வேண்டும். மேஜையில் மூன்றடி தள்ளி நின்றுதானே பார்க்கப்போகிறோம்? அதே காரணத்தால் கண் வரையவே கூடாது, ஹெல்மெட் நிழல் போதும் என்பார். இதில் மட்டும் நான் அவர் பேச்சைக் கேட்பதில்லை. கண் இல்லாத முகம் எனக்குத் தூங்குமூஞ்சியாகத்தான் தெரிகிறது.

ஆட்களை அடித்தட்டில் ஒட்டாமல் காலடியில் சிறு காந்தம் வைத்து நிறுத்தினோம். விளையாட்டில் அடிபட்டால் ஒவ்வொருவராக எடுக்க வசதி.

அந்தச் சனிக்கிழமையே என் விக்கர்ஸ் களத்துக்கு வந்தது. பெரியவர் ஜெர்மன் தரப்பு. இரண்டாவது சுற்றிலேயே அவருடைய மோர்ட்டார் குண்டு என் துப்பாக்கிக் குழிமேல் விழுந்தது. பகடையை உருட்டினார்: ஒரு ஆள் காலி. மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டி, வலப்பக்கத்து ஆளைத்தான் எடுத்தார்.