போஸ்ட்கிரெஸ்ஸில் ஓர் ஒழுகல்

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு சி மொழியில் எக்ஸ்டென்ஷன் எழுதுகிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. மெமரியை வழக்கமான மால்லாக்கில் வாங்காமல் போஸ்ட்கிரெஸ்ஸின் பால்லாக்கில் வாங்கினால், திருப்பித் தர மறந்தாலும் பெரும்பாலும் குடி முழுகிப் போகாது. வாங்கியதெல்லாம் ஒரு மெமரி கான்டெக்ஸ்ட்டுக்குள் கிடக்கும். வேலை முடிந்ததும் மொத்தமாக வழித்தெடுக்கப்படும்.

இந்த சொகுசுதான் வம்பு. வெளி லைப்ரரி ஒன்றைக் கூப்பிட்டால் அதற்குத் தெரிந்தது மால்லாக் மட்டும்தான். "அதுக்குத்தான் கடைசி வரியில ஃப்ரீ போட்டிருக்கே?" போட்டிருக்கும். ஆனால் நடுவில் ஒரு தப்பான தேதி வந்து எரர் கிளம்பினால், லாங்ஜம்ப் அந்த ஃப்ரீயைத் தாண்டிக் குதித்து ஓடிவிடும். நல்ல டேட்டாவை மட்டுமே கொடுத்து டெஸ்ட் செய்பவர் கண்ணில் இது படவே படாது.

கனெக்‌ஷன் பூலில் ஒரே பேக்எண்ட் நாள்கணக்கில் உயிரோடிருக்கலாம். சொட்டுச் சொட்டாக வீங்கி, ஒருநாள் லினக்ஸின் ஓஓஎம் கில்லர் கையில் சாகும். உடனே போஸ்ட்மாஸ்டர் மற்ற பேக்எண்டுகளையும் நிறுத்திவிட்டு ரெகவரியில் இறங்கும். சம்பந்தமே இல்லாதவர்களின் கனெக்‌ஷனும் போச்சு!

2021-ல் வந்த 14-ம் பதிப்பில், ஓடிக்கொண்டிருக்கும் பேக்எண்டின் கான்டெக்ஸ்ட் அளவுகளை லாகில் எழுதவைக்கும் ஃபங்ஷன் இருக்கிறது. அங்கே எண்கள் ஏறாமல் ப்ராசஸ் மட்டும் பெருத்தால், மால்லாக் பக்கம்தான் முதலில் தேட வேண்டும்.

மருந்து 9.5 பதிப்பிலிருந்தே உண்டு. கான்டெக்ஸ்ட்டிலேயே ஒரு கால்பேக்கைப் பதிந்துவிட்டால், எரர் வந்தாலும் துடைக்கும்போது அதுவே ஃப்ரீயைக் கூப்பிடும். கால்பேக்குக்கான இடத்தை மட்டும் லைப்ரரியைத் தொடும் முன்பே வாங்கிவிட வேண்டும். அப்புறம் வாங்கப்போய் பால்லாக்கே எரர் கொடுத்தால், மறுபடியும் ஒழுகல்தான்.