விரல்களில் ஒட்டிய மணல்

தீபாவளி கடந்ததும் சிவகாசிப் பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் ஓய்வு கொள்ளும். அவ்வோய்வில், தொழிலாளர் குடும்பம் ஒன்று இரு சிறாருடன் பொதிகை விரைவு வண்டியில் சென்னைக்குப் புறப்பட்டது.

காலையில் எழும்பூர், அருகிலேயே 1851இல் தொடங்கப்பெற்ற அருங்காட்சியகம். திமிங்கலத்தின் எலும்புக்கூட்டருகே இருந்த பெயர்ப்பலகையை மூத்தவன் பிழையின்றிப் படித்தான். மாலையில் மெரினாக் கடற்கரை.

"நம் ஊர் மத்தாப்பெல்லாம் இவ்வளவு தூரமா வருகிறது, அம்மா?" என்று வியந்தாள் இளையவள்.

தாய் தலையசைத்தாள். அந்த வயதில் அவளுக்குப் பயணம் வாய்க்கவில்லை. தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் சிறாரை அமர்த்துவதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருந்தும், வறுமை அவளைப் பசைக் கிண்ணத்தின்முன் அமர்த்தியிருந்தது.

அலையில் நனைந்த மகளின் விரல்களைப் பற்றினாள். அவற்றில் மணல் மட்டுமே ஒட்டியிருந்தது.