வயரிங் – லம்ப்சம்

எஸ்டிமேட்டில் எல்லாம் சுத்தமாக எழுதியிருந்தது. வால்வுக்கு அளவு, குழாய்க்கு அளவு, கன்ட்ரோலருக்கு மாடல் எண், தண்ணீரை அளக்கும் ஃப்ளோ மீட்டருக்குக் கம்பெனிப் பெயர். கடைசிக்கு முந்தின வரி மட்டும் ‘வயரிங் – லம்ப்சம்’ என்று நின்றுவிட்டது. என்ன வயர், எத்தனை மீட்டர், எவ்வளவு ஆழம், ஒன்றும் இல்லை. வழக்கு முழுக்க அந்த வரியின் மேல்தான் நடந்தது.

கட்சிக்காரர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. கோவை வடவள்ளிப் பக்கம் வீடு, சுற்றிலும் ஒட்டுமாங்கன்றுகள், கொஞ்சம் புல்தரை. போர் அருகே மீட்டர், போர்டிகோவில் கன்ட்ரோலர், நடுவே மண்ணுக்கடியில் சுமார் 60 மீட்டர் வயர். வழக்கத்துக்கு மேல் தண்ணீர் ஓடுவதாக மீட்டர் சொன்னால், குழாய் எங்கோ உடைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு கன்ட்ரோலர் மெயின் வால்வை மூடிவிடும். நல்ல ஏற்பாடுதான். மகள் பிரசவத்துக்கென்று இவரும் மனைவியும் சென்னை போயிருந்தபோது கோடை மழை ஒன்று கொட்டியது. மறுநாளே கன்ட்ரோலர் வால்வை மூடிக்கொண்டது. ‘எல்லாம் ஆட்டோமேடிக்தானே’ என்று தோட்டக்காரரையும் முன்பே நிறுத்தியிருந்தார். திரும்பி வந்தபோது கன்றுகளில் பாதி கருகிக் கிடந்தன.

“மீட்டர் டூப்ளிகேட்டுங்க, வக்கீல் சார்” என்றுதான் ஃபைலை மேஜையில் வைத்தார். இதையெல்லாம் அமைத்துக் கொடுத்த கம்பெனிக்காரர்கள் வாரன்டியில் ஒருமுறை மீட்டரை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். அப்படியும் மழை பெய்தால் அதே கோளாறு. மாற்றின மீட்டரும் பொய் சொல்கிறது என்றால் பொய் மீட்டரில் இல்லை என்று எனக்குப் பட்டது. 500 லிட்டர் சின்டெக்ஸ் ஒன்றை நிரப்பிப் பார்க்கச் சொன்னேன். பத்து லிட்டருக்கு ஒரு துடிப்பு அனுப்பும் மீட்டர் அது. மீட்டரின் முகத்தில் 500 என்று சரியாக ஓடியிருந்தது. கன்ட்ரோலர் 50 துடிப்பு எண்ணியிருக்க வேண்டும்; 70க்கு மேல் எண்ணியிருந்தது. தரைமேல் தற்காலிகமாகப் புது வயர் ஒன்றை விரித்து, அதே மீட்டரை, அதே கன்ட்ரோலரோடு இணைத்தபோது எண்ணிக்கை 50.

அதன்பிறகு புகாரைப் பொருளின் குறைபாடாக எழுதாமல் சேவைக் குறைபாடாகவே எழுதினேன். இது வெறும் சொல் மாற்றமில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆவது பிரிவுப்படி, பொருளில் குறை என்று சொல்லி, அதைச் சோதித்தால்தான் தெரியும் என்றால் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டிவரும். மீட்டர் ஆய்வகம் போயிருந்தால் ‘நலம்’ என்ற சான்றிதழோடு திரும்பி வந்திருக்கும். வழக்கும் அதோடு முடிந்திருக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் கேட்டார். மீட்டர் நல்ல மீட்டர் என்பதை நாங்களும் ஒப்புக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தேன். அவருடைய பதிலுரையில் பாதி அங்கேயே வேலை இழந்தது.

எழுத்தில் கேள்விகள் அனுப்பினோம். மண்ணுக்குள் போட்ட கேபிளின் வகை என்ன? பதில்: ‘தரமான வயர்’. மேலுறை எதனால் ஆனது? ‘தரமான வயர்’. சரி, தோண்டித்தான் பார்க்க வேண்டும் என்று ஆணையர் நியமிக்க மனுப் போட்டேன்.

ஆணையராக வந்த இளம் வக்கீல் கெட்டிக்காரர். கூடவே உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் ஒருவர். இரண்டு அடி ஆழத்தில் பிவிசி பைப் தென்பட்டது. வாளால் அறுத்ததும் செம்மண் கலந்த தண்ணீர் அரைக் குடம் கொட்டியது. உள்ளே மோட்டாருக்குப் போகும் பட்டை கேபிள். அதோடு சேர்த்து டை போட்டுக் கட்டிய இரண்டு ஒற்றை வயர்கள், வீட்டுச் சுவருக்குள் இழுப்பார்களே, அதே மேலுறை இல்லாத வயர். நடுவில் ஒரு முறுக்கு இணைப்பு, மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப். டேப்பைப் பிரித்தால் செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. இணைப்புக்கு இந்தப் பக்கம் சிவப்பும் கறுப்பும். அந்தப் பக்கம் மஞ்சளும் நீலமும்.

அந்த நிறங்கள் எனக்குப் பெரிய உதவி. வீட்டு வயர் காயில் ஒன்று 90 மீட்டர் வரும். 60 மீட்டர் ஓட்டத்துக்கு நடுவில் இணைப்பே தேவையில்லை. வேறெங்கோ மிஞ்சின துண்டுகளை ஒட்டுப்போட்டு இங்கே புதைத்திருக்கிறார்கள் என்று வாதிட்டேன். மறுக்க அவர்களிடம் வயர் வாங்கின பில் இல்லை.

அவர்கள் கையில் ஒரு நல்ல சீட்டு இருந்தது. தோட்டக்காரர் எலுமிச்சைக்குக் குழி போட்டபோது கடப்பாரை பட்டு பைப் ஓரிடத்தில் விரிந்திருந்தது. தண்ணீர் அதன் வழியாகத்தான் புகுந்தது, தவறு புகார்தாரருடையது என்றார்கள். கேட்கும்போது எனக்கே கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது.

அதற்கு விடை கொடுத்தவர் தொலைபேசித் துறையில் கேபிள் ஜாயின்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர். பிரமாண வாக்குமூலம் தயாரிக்க வந்த அன்று பையிலிருந்து ஜெல்லி நிரப்பிய கேபிள் துண்டு ஒன்றை எடுத்து என் மேஜையிலேயே சீவினார். கம்பிகளுக்கு நடுவே வாஸ்லீன் மாதிரி பிசுபிசுப்பு. வழக்குக் கட்டின் முதல் பக்கத்தில் அவருடைய பெருவிரல் ரேகை இன்றைக்கும் எண்ணெயாக இருக்கிறது. “மண்ணுக்குள்ள பைப் போட்டா அதுல தண்ணி சேரத்தானுங்க செய்யும். உடைஞ்சாலும் சேரும், உடையாட்டியும் வேர்த்துச் சேரும். தண்ணியிலயே கிடக்கப்போற வயர்னு நெனச்சுத்தான் வாங்கோணும்” என்றார். டேப் சுற்றின இணைப்புக்குள் ஒரு பொட்டுத் தண்ணீர் போனால் போதுமாம். கம்பிக்கும் தோலுக்கும் இடையில் ஊர்ந்து வெகுதூரம் போய்விடுமாம்.

பொய்த் துடிப்பு எப்படி வந்தது என்பதையும் அவரே விளக்கினார். மீட்டருக்குள் சுழலும் காந்தம் ஒரு சின்னக் கண்ணாடிக் குழலில் இருக்கும் இரண்டு தகடுகளைத் தொட்டுத் தொட்டு விடுவிக்கிறது. ஒவ்வொரு தொடுதலும் ஒரு துடிப்பு. ஈரம் ஏறினால் இரண்டு வயருக்கும் நடுவே மின்சாரம் லேசாகக் கசியும். தொட்டதா விட்டதா என்று கன்ட்ரோலருக்குச் சந்தேகம் வரும். பக்கத்திலேயே மோட்டார் கேபிள் ஓடினால் அதன் தூண்டலும் சேர்ந்து அந்தச் சந்தேகத்தைத் துடிப்பாக்கிவிடும். ஆணையரோடு வந்த மின் ஒப்பந்ததாரர் இணைப்பை வெட்டி இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக, இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகரில் பார்த்திருந்தார். கடப்பாரை பட்ட இடம் இருந்த பக்கம் தேறியது. வெட்டியெடுத்த இணைப்புத்தான் கசிந்தது. அறிக்கையில் அந்த இரண்டு வரிகளும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ.

மாவட்ட நுகர்வோர் ஆணையம் சேவைக் குறைபாடு என்று தீர்ப்பளித்தது. புது கேபிள் போட்டுத் தர வேண்டும், அதோடு இழப்பீடும் செலவுத்தொகையும். கன்றுகளுக்கு நாங்கள் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. நர்சரி பில் இருந்தவற்றுக்கு மட்டும் கணக்குப் போட்டார்கள். நர்சரியில் யார் பில் கேட்டு வாங்குகிறார்கள்? தோட்டத்தைப் பார்க்க ஆள் வைக்காமல் போனதையும் உறுப்பினர் ஒருவர் குத்திக் காட்டியிருந்தார். அது நியாயம்தான்.

புகாரின் கோரிக்கையிலேயே கேபிளை விவரமாக எழுதியிருந்தேன்; உத்தரவிலும் அப்படியே வந்தது. பாலித்தீன் மேலுறை, ஜெல்லி நிரப்பிய முறுக்கு ஜோடி, மேலே அலுமினியத் தாள் கவசம். கவசத்துக்கு கன்ட்ரோலர் முனையில் மட்டும் எர்த். இரண்டு முனையிலும் கொடுத்தால் அதுவே வேண்டாத மின்னோட்டத்துக்கு வழியாகிவிடும். மோட்டார் கேபிளிலிருந்து ஒரு அடி தள்ளித் தனிப் பள்ளம். மண்ணுக்குள் இணைப்பே கூடாது. மீட்டர் முனை இணைப்பு வால்வுப் பெட்டிக்குள், ரெசின் ஊற்றி. மோட்டார் கேபிளுக்கு ஐ.எஸ். 1255 சொல்லும் 75 சென்டிமீட்டர் ஆழம். பள்ளம் எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடியில் போகிறது என்று ஒரு வரைபடம்.

மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்ய 45 நாள் அவகாசம் உண்டு. தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். அவர்கள் போகவில்லை. டிராப்டும் வரைபடமும் ஒரே கவரில் வந்தன. வரைபடத்தில் ஆழம் குறிக்கப்படவில்லை. திருப்பி அனுப்பினேன். அடுத்த வாரம் அதே தாளில் பேனாவால் எழுதி, கையெழுத்தும் போட்டு அனுப்பிவைத்தார்கள்.